கற்பிட்டியில் நான்கு நாட்கள்: ஸீனத் டீச்சரின் ஊரும் என் பொறாமையும்

இந்த வருடம் ஜனவரியில் பௌர்ணமிப் போயா விடுமுறையும் தைப்பொங்கலும் அடுத்தடுத்த நாட்களில் வந்தன. சனிக்கிழமை தொடக்கம் செவ்வாய் வரை நான்கு நாட்கள் லீவு. வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடி வீடொன்றில் நான் தனியாக இருக்கிறேன். பொங்கலுக்குச் சோற்றுக் குக்கரில் பால் பொங்கவிட்டு, அதைப் படமெடுத்துக் கனடாவில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பிவிட்டு, பொங்கலை மூன்று நாள் வைத்துச் சாப்பிடுவது என் வழக்கம். இந்த முறை அதற்கு மனம் வரவில்லை. கற்பிட்டியில் இருக்கும் என் கூட்டாளி ஸீனத்துக்கு, "வரட்டா?" என்று ஒரு செய்தி அனுப்பினேன். "கேட்டுட்டா வார? பஸ் ஏறு" என்று பதில் வந்தது.

ஸீனத்தும் நானும் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகக் கணிதம் படித்தவர்கள். பிறகு இரண்டு வருடம் பம்பலப்பிட்டியில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். அவள் புத்தளம் தில்லையடியில் பிறந்தவள். எனக்கு ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அவளுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்து, கற்பிட்டியில் கல்யாணமும் முடிந்தது. கணவர் ரிஸ்வான் படகு எஞ்சின் திருத்துபவர். அய்னா என்று ஐந்து வயதில் ஒரு மகள். மூன்று வருடமாக நாங்கள் நேரில் சந்திக்கவில்லை. அவள் அனுப்பும் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். களப்பு என்கிற கடல்நீரேரியின் ஓரத்தில் அந்திநேரம், முற்றத்தில் தென்னை, சட்டியில் துள்ளும் இறால். ஒவ்வொரு படத்துக்கும் இதயக்குறி போடுவேன். போட்டுவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைப்பேன்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கற்பிட்டி போக நினைப்பவர்களுக்கு வேண்டிய நேரமும் காசும் தூரமும் இந்தப் பதிவில் இருக்கின்றன. கூடவே நான் அங்கே செய்த ஒரு பிழையும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் இது வெறும் டொல்பின் பதிவாகிவிடும்.

சனிக்கிழமை காலை 6.10க்குப் புறக்கோட்டையில் புத்தளம் பஸ் ஏறினேன். சாதாரண பஸ், 440 ரூபா. கற்பிட்டிக்கு நேரடி பஸ்ஸும் உண்டு. ஆனால் அது நிரம்பும்வரை நிற்கும் என்று சொன்னார்கள், எனக்குப் பொறுமை இருக்கவில்லை. இடப்பக்க ஜன்னல் ஓரமாக இருந்தால் நீர்கொழும்பு தாண்டியதும் காற்று வரும். சிலாபத்தில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். அங்கே வடையும் பால் விடாத பிளேன்டியும் 160 ரூபா. முந்தல் தாண்டியபின் பஸ்ஸில் பாதிப்பேர் இறங்கிவிட்டார்கள். 10.35க்குப் பாலாவிச் சந்தியில் இறங்கினேன். புத்தளம் நகரம் இன்னும் சில கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. கற்பிட்டி போகிறவர்கள் அதுவரை போகத் தேவையில்லை, பாலாவியிலேயே இறங்கி மாறலாம்.

கற்பிட்டி பஸ் பதினைந்து நிமிடத்தில் வந்தது. 40 கிலோமீற்றர், 150 ரூபா. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவே மணலில் வெங்காயமும் மிளகாயும். நுரைச்சோலையில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வெகுதூரத்துக்குத் தெரியும். ஊர் நெருங்கியதும் கொண்டக்டரிடம் போய், பெரிய பள்ளிவாசலுக்கு முன்னுள்ள ஒழுங்கையில் இறக்கிவிடும்படி கேட்டேன்.

"ஆருட வீட்டுக்கு?" என்றார் அவர்.

"ஸீனத் எண்டு ஒரு டீச்சர்."

"ஸீனத் டீச்சர்ட வீட்டுக்கா? அதை முந்தியே சொல்ல இருந்திச்சே" என்றவர், டிரைவருக்கு ஒரு விசில் அடித்தார். பஸ் தரிப்பிடமே இல்லாத ஓரிடத்தில், ஒழுங்கை வாசலுக்கு நேராக நின்றது. முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா என் பையை எடுத்துத் தந்து, "டீச்சர் இப்ப கிளாஸ்ல. பன்னெண்டரைக்கு வருவா. மாப்பிள்ள வீட்ட நிக்கிறார்" என்றார்.

நான் வேலைக்குப் போகும் பஸ்ஸில் எட்டு வருடமாக ஒரே கொண்டக்டர்தான். அவருக்கு என் முகம்கூடத் தெரியாது. பொறாமை அந்த ஒழுங்கை வாசலிலேயே தொடங்கிவிட்டது.

மத்தியானம் ஸீனத் வந்தாள். கட்டிப்பிடித்தாள், மெலிந்துவிட்டாய் என்று திட்டினாள், மீன் பொரித்தாள். அய்னா தாயின் காலைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். இரண்டு காதிலும் ரோஸ் நிறத்தில் கேள்கருவி இருந்தது. போன வருடம் அந்தப் படத்தையும் ஸீனத் அனுப்பியிருந்தாள். அதற்கும் நான் இதயக்குறி போட்டிருந்தேன்.

பின்னேரம் ஐந்து மணிக்குப் பாண் வாங்க இருவரும் நடந்தோம். கடை அறுநூறு மீற்றர் தூரம்தான். போய்வர ஒரு மணித்தியாலம் பிடித்தது. வாசலுக்கு வாசல் ஆட்கள். "டீச்சர், அஸ்ஸலாமு அலைக்கும். புள்ள எப்பிடி?" "வ அலைக்குமுஸ் ஸலாம். அல்ஹம்துலில்லாஹ், நல்லம்." பத்தடி போனால் அடுத்தவர். மருந்துக்கடைக்காரர் அவள் கேட்காமலேயே ஒரு சிறிய பக்கெட் பற்றரியை எடுத்து நீட்டினார். மீன்காரர் ஒரு பெரிய பாரை மீனில் பாதியை அவளுக்கென்று எடுத்துவைத்திருந்தார். ஒரு பெண் வேலியால் எட்டி ஒரு பிடி முருங்கையிலை தந்தார். நான் பக்கத்தில் நடந்துகொண்டே எண்ணினேன். பதினேழு பேர்.

போன வருடம் எனக்கு டெங்கு வந்து ஒன்பது நாள் வீட்டுக்குள் கிடந்தேன். சாப்பாடு கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டுப் போனவரைத் தவிர அந்தக் கட்டடத்தில் எவருக்கும் அது தெரியாது. இங்கே ஒருத்தி பாண் வாங்கப் போனால் பதினேழு பேர் அவள் பிள்ளையைப் பற்றிக் கேட்கிறார்கள். இருவரும் ஒரே பட்டம்தான் வாங்கினோம், ஒரே அறையில்தான் படுத்தோம். கடைசி வருடத்தில் என் புள்ளிகள் அவளுடையதைவிடக் கூட. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அதையும் அன்று நினைத்தேன்.

திரும்பி வந்து குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் அதைச் சொன்னாள்.

"மதி, ஒரு கதை சொல்றேன், ஆருக்கும் சொல்லாத. கொழும்புக்கு இடமாற்றம் கேட்டு ஃபோம் நிரப்பி வச்சிருக்கேன். இன்னும் அனுப்பல்ல. ரிஸ்வானுக்கும் உம்மாக்கும் மட்டும்தான் தெரியும்."

"ஏனப்பா? இப்பிடி ஒரு இடத்தை விட்டிட்டோ?"

"சொல்றேன், இரு" என்றாள். அப்போது முற்றத்தில் அய்னா விழுந்த சத்தம் கேட்டது. ஸீனத் எழுந்து ஓடினாள். பிறகு அவள் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. எனக்குள் ஒரு எரிச்சல்தான் இருந்தது. எல்லாம் கிடைத்தவளுக்கு அதுவும் போதவில்லையா? நான் ஏங்கும் ஒன்றை இவள் தூக்கிப் போடப் போகிறாள். அப்படித்தான் அதை விளங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டொல்பின் பார்க்கப் போனேன். நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை அதற்கு நல்ல காலம். காலை 5.45க்கு பவுசி நானா ஓட்டோவோடு வாசலுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைத் தொப்பி, அதிகம் சிரிக்காத முகம். ஸீனத்தின் வீட்டாருக்கு எங்கே போவதென்றாலும் அவர்தான். கண்டக்குழிக் கரைக்குப் போய், காத்திருந்து, திருப்பிக் கொண்டுவர 1,800 ரூபா. படகுக்கு ஆளுக்கு 4,500 ரூபா, எட்டுப் பேர். 6.40க்குக் கரையை விட்டோம். முக்கால் மணித்தியாலம் ஒன்றுமே இல்லை. பிறகு ஒரேயடியாகக் கூட்டம் கூட்டமாக வந்தன. படகோட்டி எஞ்சினை நிறுத்தினார். அவை மூச்சுவிடும் சத்தம் கேட்டது. சில எங்கள் படகின் அடியால் போய் மறுபக்கம் எழும்பின. கமெரா இருந்தும் நான் பாதி நேரம் படமெடுக்கவில்லை. வாந்தி வரக்கூடியவர்கள் வெறும் வயிற்றோடு போகவேண்டாம். தொப்பியைக் காற்று கொண்டுபோகும், கட்டிக்கொள்ளுங்கள்.

9.30க்குக் கரைக்கு வந்து ஓட்டோவில் ஏறினேன். அதுவரை வாயே திறக்காத பவுசி நானா வழியில் கதைக்கத் தொடங்கினார்.

"தங்கச்சி, ஸீனத் டீச்சர் வாரதுக்கு முந்தி இஞ்ச கணக்குக்கு ஆளே இல்ல. என்ட மூத்த மகள் கணக்குக்கு 'ஏ' எடுத்த. எங்கட குடும்பத்துல முதலாவது ஏ. ரெண்டாமவள் இந்த மார்ச்சில ஓ.எல் பரீட்சை எழுதுறா. டீச்சர் சனி, ஞாயிறெல்லாம் சல்லி வாங்காம கிளாஸ் வைக்கிற. நாங்க தொழுகையில டீச்சருக்கு துஆ கேக்கிற."

அவர் சொல்லிக்கொண்டே போனார். நான் ஆறு பேருக்கு மேலாளராக இருக்கிறேன். எனக்காக ஒருவரும் எந்தக் கடவுளிடமும் எதுவும் கேட்டதில்லை. அந்த நினைவு வந்து முடியுமுன் வாய் திறந்துவிட்டது.

"அவ கொழும்புக்கு மாற்றம் கேக்கப் போறாவே. உங்களுக்குத் தெரியாதோ?"

வாய் தவறி வந்தது என்று பிறகு பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இல்லை. "தெரியாதோ" என்ற சொல்லை ஒரு ருசியோடுதான் சொன்னேன். ஓட்டோவின் வேகம் குறைந்தது. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"உண்மையா?"

"ஃபோம் நிரப்பியாச்சு."

அவர் மீண்டும் வேகத்தைக் கூட்டினார். நான் கோட்டையைப் பார்க்கவேண்டும் என்றிருந்ததால் அங்கே இறக்கிவிட்டார். ஒல்லாந்தர் கட்டிய கோட்டை, இப்போது கடற்படையிடம் இருக்கிறது. அடையாள அட்டையைக் காட்டினால் ஒருவர் கூட வந்து சுற்றிக் காட்டுவார். படமெடுக்க விடவில்லை. ஒரு மணித்தியாலம் போதும். உள்ளே எதைப் பார்த்தேன் என்று கேட்டால் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. மதில் ஞாபகம் இருக்கிறது. மதிலில் நின்றபோது, அவரைக் கூப்பிட்டு "அதை ஒருவருக்கும் சொல்லவேண்டாம்" என்று சொல்லலாமா என யோசித்ததும் ஞாபகம் இருக்கிறது. நம்பர் ஃபோனில் இருந்தது. எடுக்கவில்லை. கொழும்பில் ஓட்டோக்காரரிடம் சொன்னது ஓட்டோவோடு போய்விடும், இங்கும் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

12.20க்குக் கடைத்தெருவில் ஒரு ஹோட்டலில் சோறு சாப்பிட்டேன். மீன்கறியோடு 550 ரூபா. கை கழுவும்போது காசு மேசையில் இருந்த முதலாளி, "டீச்சர் எப்ப போறாவாம்?" என்று கேட்டார். நான் யார், யாருடைய வீட்டில் நிற்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. ஓட்டோவில் நான் சொல்லி மூன்று மணித்தியாலம்கூட ஆகவில்லை.

"எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வீட்டுக்குப் போகாமல் களப்போரமாக நடந்தேன். இறங்குதுறையில் படகுகளைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் நின்றேன். மூன்று மணிக்கு வேறு வழியில்லாமல் ஒழுங்கைக்குள் திரும்பினேன். வாசலில் செருப்புகள். இருபது சோடிக்குக் குறையாது.

உள்ளே கதிரை போதாமல் பாதிப்பேர் பாயில் இருந்தார்கள். மார்ச்சில் ஓ.எல் எழுதவிருந்த பிள்ளைகளின் தாய் தகப்பன்மார். பெரும்பாலானோர் முஸ்லிம்கள், கண்டக்குழிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களும் வந்திருந்தன. பவுசி நானா சுவரோரமாகத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். ஸீனத் நடுவே இருந்தாள், மடியில் அய்னா. நான் கதவடியில் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். அந்த வீட்டுக்கு வெளியே இரண்டே பேருக்குத் தெரிந்த விடயம் ஊர் முழுக்கத் தெரிந்தால் யார் சொல்லியிருப்பார்கள் என்று கண்டுபிடிக்கக் கணிதம் படித்திருக்கத் தேவையில்லை. அந்த இரண்டு பேரில் ஒருவர் அவளுடைய உம்மா. அவர் தில்லையடியில் இருக்கிறார்.

"டீச்சர், கதை உண்மையா எண்டு மட்டும் சொல்லுங்க" என்றார் ஒரு தகப்பன்.

"ஓம்" என்றாள் ஸீனத். "ஃபோம் நிரப்பியிருக்கேன். அனுப்பல்ல. ஓ.எல் முடியும் வரைக்கும் அனுப்ப மாட்டேன். அதை நானே உங்களக் கூப்பிட்டுச் சொல்ல இருந்தேன்."

"எங்கட ஊரு பிடிக்கல்லையா?"

"ஊருல என்ன குறை? அய்னாவுக்குப் பேச்சுப் பயிற்சி வேணும். இப்ப ரெண்டு கிழமைக்கு ஒருக்கா கொழும்புக்குக் கொண்டு போறேன். விடிய மூணரைக்கு வெளிக்கிட்டு, முக்கால் மணித்தியாலம் பயிற்சி குடுத்து, பின்னேரம் ஆறு மணிக்கு வாரோம். அது போதாதாம். கிழமைக்கு மூணு நாள் குடுக்கணுமாம். ஆறு ஏழு வயசு தாண்டினா கஷ்டமாம். அவளுக்கு வார மாசம் ஆறு."

அப்போது பாயில் இருந்த ஹலீமா என்ற பெண் தலையை நிமிர்த்தினார். கரையில் கருவாடு காயவைக்கும் வாடியில் வேலை செய்பவர். வேலையில் இருந்து நேரே வந்திருந்தார்.

"டீச்சர், நான் கோவத்துல கேக்கல்ல. ஒங்கட புள்ளைக்குப் படிச்சிக் குடுக்க ஆள் தேடி நீங்க கொழும்புக்குப் போறீங்க. போகத்தான் வேணும். எங்கட புள்ளையளுக்கு ஆள் தேடி நாங்க எங்க போற?"

ஸீனத் அழவில்லை. மகளின் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். "தெரியல்ல ராத்தா" என்றாள் கடைசியில். "அதனாலதான் ஃபோம நாலு மாசமா அலுமாரிக்குள்ள வச்சிருக்கேன்."

ஒரு தகப்பன், "இதை ஆர் வெளியில விட்ட? டீச்சரே சொல்ல இருந்தா, அதுக்கு முந்தி ஆர் சொன்ன?" என்று கேட்டார். பவுசி நானா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் காட்டவில்லை. ஸீனத்தும் காட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நான்தான் சொன்னனான்" என்றேன். "என்னட்டை நம்பிச் சொன்னவ. நான் சொல்லியிருக்கக் கூடாது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் ஏசவில்லை. ஹலீமா என்னை மேலிருந்து கீழ்வரை ஒருதரம் பார்த்துவிட்டு, "நீங்க கூட்டாளியா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். சரி என்பதுபோல் தலையை ஆட்டினார்.

அவர்கள் போனபின் ஸீனத் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவினாள். நான் துடைத்தேன்.

"ஏன் சொன்ன?"

"பொறாமையில."

"என்னத்துக்குப் பொறாமை?"

"எல்லாத்துக்கும். கொண்டக்டருக்கு உன்னைத் தெரியுது. மருந்துக்கடையில கேக்காமலே எடுத்துத் தருகினம். நேற்று பதினேழு பேர் உன்னைச் சுகம் விசாரிச்சவை. நான் எண்ணினனான்."

அவள் தண்ணீர்க்குழாயைப் பூட்டினாள். "அந்தப் பதினேழு பேரும் என்ன கேட்ட?"

"பிள்ளை எப்பிடி எண்டு."

"பிள்ள இன்னும் கதைக்கல்லையா எண்டுதான் அது. ரெண்டு வருஷமா ஒவ்வொரு நாளும் கேக்குற. நல்ல மனசோடதான் கேக்குற. நானும் ஒவ்வொரு நாளும் அல்ஹம்துலில்லாஹ் எண்டு சொல்ற. மருந்துக்கடையில தந்தது அவள்ட காது மிஷினுக்குப் பற்றரி. பாண் வாங்கிட்டு வாரதுக்குள்ள சில நாள் எனக்கு மூச்சு முட்டும், மதி. அப்பிடியான நாள்ல ரிஸ்வான அனுப்புவேன்." கையைத் துடைத்துக்கொண்டு, "நீ வந்து ரெண்டு நாள். அய்னாட காதப் பத்தி ஒரு தரமாவது கேட்டியா?" என்றாள்.

கேட்கவில்லை. அந்தப் படம் வந்த நாள் தொடக்கமே கேட்கவில்லை.

நாளைக்கே போய்விடட்டுமா என்று கேட்டேன். "போறதெண்டா போ. இருக்கிறதெண்டா நாளைக்குப் பத்து மணிக்கு கிளாஸ். நாப்பத்தாறு பிள்ளையள். ரெண்டாப் பிரிச்சா நல்லம்" என்றாள்.

திங்கட்கிழமை நான் இருபத்துமூன்று பேருக்கு நிகழ்தகவு படிப்பித்தேன். தகரக் கூரை, ஒரு கரும்பலகை, கடல் மணல் ஏறிய தரை. முதல் அரை மணித்தியாலம் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. முன் வரிசை வாங்கில் இருந்த ஹலீமாவின் மகள் சுமையா கடைசியில் கையை உயர்த்தினாள்.

"மிஸ், எங்கட டீச்சரக் கூட்டிட்டுப் போகத்தானா வந்தீங்க?"

"இல்லை. நான் பொங்கலுக்கு வந்தனான்."

அவள் அதை யோசித்தாள். நம்பினாளா தெரியாது. "சரி, அப்ப நாலாங் கணக்கத் திருப்பிச் செஞ்சி காட்டுங்க" என்றாள். செய்து காட்டினேன். நான் சுருக்கமாகப் போட்ட வழியை அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஸீனத் டீச்சர் போடுவதுபோல் படம் கீறிப் போடும்படி கேட்டார்கள். அங்கேயும் எனக்குப் பொறாமை வந்தது. ஆனால் படத்தைக் கீறினேன்.

செவ்வாய்க்கிழமை விடிய ஆறு மணிக்கு ஸீனத் என்னை எழுப்பினாள். முற்றத்தில் மூன்று கல் வைத்து, புதுப்பானையும் பச்சரிசியும் சர்க்கரையும் பயறும் எடுத்துவைத்திருந்தாள். நான் வருகிறேன் என்றதும் வெள்ளிக்கிழமையே வாங்கியதாம். "வாங்கின சாமான் வீணாப் போகும், பொங்கு" என்றாள். முகத்தில் இன்னும் கோபம் இருந்தது. நான் பொங்கினேன். பால் பொங்கி வழிந்தபோது அய்னா கைதட்டி ஏதோ ஒரு சத்தம் எழுப்பினாள். அது என்ன சொல் என்று தாயும் தகப்பனும் கொஞ்சநேரம் வாதாடினார்கள்.

அன்று 9.15 பஸ்ஸில் பாலாவி வந்து, கொழும்புக்கு மாறி, பின்னேரம் மூன்றரைக்கு வெள்ளவத்தையில் இறங்கினேன்.

அதற்குப்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்ச்சில் பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். பவுசி நானாவின் இரண்டாவது மகளும் சுமையாவும் கணிதத்தில் நன்றாகவே செய்தார்கள். பரீட்சை முடிந்த கிழமையில் ஸீனத் படிவத்தை அனுப்பினாள். ஜூனில் மாற்றம் வந்தது. இப்போது அவளும் அய்னாவும் தெஹிவளையில் இருக்கிறார்கள். ரிஸ்வான் வார இறுதிகளில் வந்து போகிறார். அய்னா இப்போது பதினொரு சொற்கள் சொல்கிறாள். அவற்றில் ஒன்று என் பெயரின் முதற்பாதி. பழைய மாதிரி ஸீனத் என்னிடம் எல்லாவற்றையும் சொல்வதில்லை. சொல்லவரும்போது ஒரு இடத்தில் நின்று, என்னைப் பார்த்துவிட்டு, வேறு கதைக்குப் போய்விடுவாள்.

கற்பிட்டியில் அவளுடைய இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. "மாசத்துல ஒரு சனிக்கிழம நீ போவியா?" என்று ஆகஸ்டில் கேட்டாள். போகிறேன்.

நீங்கள் போவதானால், இரண்டு இரவாவது நில்லுங்கள். ஒரே நாளில் போய்வந்தால் பதினொரு மணித்தியாலம் பஸ்ஸில்தான் போகும். டொல்பினுக்குப் போவதென்றால் முதல்நாளே படகைப் பேசிவையுங்கள், விலையை ஏறுமுன் கேளுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆ தொழுகை நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும், சாப்பாட்டை முன்பின்னாக வைத்துக்கொள்ளுங்கள். தோள், முழங்கால் மூடிய உடுப்பு நல்லது. வங்கி இயந்திரம் சிலவேளை வேலை செய்யாது, கையில் காசு வைத்திருங்கள். ஊரில் எல்லோரும் உங்களோடு நன்றாகக் கதைப்பார்கள். நீங்கள் சொல்வதை அவர்கள் கேட்பார்கள், ஞாபகமும் வைத்திருப்பார்கள். சுற்றுலாப் பயணிதானே என்று எவரும் அதைத் தள்ளிவிட மாட்டார்கள்.

ஆகஸ்டில் முதல்தடவை தனியாகப் போன சனிக்கிழமை, விடியுமுன் கொழும்பில் பஸ் ஏறி, ஒன்பது மணிபோல் இறங்கி ஒரு சின்னக் கடையில் தண்ணீர்ப் போத்தல் கேட்டேன். கடையில் நின்ற பெண்ணை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. போத்தலை மேசையில் வைத்துவிட்டு, என்னை உற்றுப் பார்த்தார்.

"ஸீனத் டீச்சர்ட கதைய வெளியில சொன்ன மிஸ் நீங்கதானே?"

குரலில் கோபம் இருக்கவில்லை. நான் எந்த ஊர் என்று விசாரிப்பதுபோல்தான் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

"கணக்குப் படிச்சிக் குடுக்கவா வந்தீங்க?"

"ஓம்."

"கிளாஸ் பத்து மணிக்குத்தானே, நேரம் இருக்கு. வெயிலுக்குள்ள வந்திருக்கீங்க, உள்ள வந்து இருங்க. பிளேன்டி ஊத்துறேன்" என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். உள்ளே போய் இருந்தேன்.